கனடாவில் எந்தப் பக்கம் குடியேறுவது? டொராண்டோ வட்டாரத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகள்

பி.ஆர். என்ற நிரந்தரவாசி அனுமதி கைக்கு வந்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று. இனி எந்தப் பக்கம் வீடு பார்ப்பது? சென்னை, கோவை, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்தாலும் எல்லாக் குடும்பங்களும் இதைத்தான் முதலில் கேட்கின்றன. புதிதாக வருகிறவர்களோடு வீடு பார்க்கப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தை நினைத்து எழுதியவை இவை. வேறு மாகாணம் என்று சொல்லாத இடங்களில் எல்லா விதிகளும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்கு உரியவை.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

வந்து இறங்கியதும் இருக்கப்போகும் வீடு வேறு, நிலையாக வாழப்போகும் வீடு வேறு என்பதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஊரிலிருக்கும்போதே "எந்த ஏரியாவில் ஸ்கூல் நல்லா இருக்கும், எங்கே வீட்டு விலை ஏறும்" என்று மாதக்கணக்கில் தேடிக் களைத்துப்போகிறார்கள்.

முதல் வருட வீட்டுக்கு மூன்று விஷயங்கள் போதும். கார் இல்லாமல் வேலைக்குப் போகப் பஸ்ஸோ ரயிலோ வேண்டும். பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி வேண்டும். அடுத்த ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டாலும் கையிருப்பிலிருந்து கொடுக்கக்கூடிய வாடகையாக இருக்க வேண்டும். வீட்டின் அழகு, தெருவின் பெயர், அக்கம்பக்கத்தின் மதிப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவருக்கும் எங்கே வேலை அமையும் என்று தெரியாத நிலையில் நிலையான இடத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

டொராண்டோதான் வர வேண்டுமா? கல்கரி, எட்மன்டன் செலவு குறைவு என்கிறார்களே.

உங்கள் துறையில் அங்கே வேலை இருந்தால் தாராளமாகப் போங்கள். அந்த இரண்டு ஊர்களும் இருக்கும் ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான். ஒன்டாரியோவில் ஹெச்எஸ்டி என்ற கூட்டு விற்பனை வரி 13 சதவீதம். வீட்டு விலையும் டொராண்டோவை விடக் குறைவு. ஆனால் ஆல்பர்ட்டாவில் வாடகையை இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற உச்சவரம்பு இல்லை. விற்பனை வரியில் மிச்சம் பிடிப்பதை விட, சொந்தத் துறையில் ஆறு மாதம் முன்னதாக வேலை கிடைப்பது குடும்பத்துக்குப் பெரிய லாபம். அதனால் வேலையை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

நர்ஸ், ஆசிரியர், பொறியாளர் போன்ற தொழில்களுக்கு உரிமம் வழங்குவது மாகாணத்தின் பொறுப்பு. ஒரு மாகாணத்துக்கென்று மாதக்கணக்கில் விண்ணப்ப வேலை பார்த்துவிட்டு இன்னொரு மாகாணத்தில் இறங்காதீர்கள்.

மாண்ட்ரியல் போக நினைப்பவர்கள் ஒன்றை முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். அது இருக்கும் கியூபெக் மாகாணத்தின் 1977 மொழிச் சட்டப்படி, நிரந்தரவாசியாக வரும் குடும்பத்தின் பிள்ளைகள் பொதுவாக உயர்நிலைப் பள்ளி முடியும் வரை பிரெஞ்சு வழிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஊரில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு அது மிகக் கடினம்.

ஒரு மாகாணம் உங்களை நாமினேட் செய்து அதன் வழியே பி.ஆர். கிடைத்திருந்தால், அங்கே வாழும் உண்மையான எண்ணத்தோடு வர வேண்டும். நிரந்தரவாசிக்கு எந்த மாகாணத்திலும் குடியேறும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது. அதற்காக, விமானத்தை விட்டு இறங்கியவுடனேயே வேறு மாகாணம் போவது சரியில்லை.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்டன்: என்ன வித்தியாசம்?

ஸ்காபரோ டொராண்டோ நகரத்தின் கிழக்குப் பகுதி. 1998 வரை தனி நகரமாக இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து குவிந்த ஈழத்தமிழர்கள் வேர்விட்டது பெரும்பாலும் இங்கேதான். மார்க்கம் ரோடு நெடுகப் போனால் தமிழில் பெயர்ப்பலகை, இடியாப்பம் விற்கும் கடை, தமிழ் பேசும் வக்கீல், பல் டாக்டர் எல்லாம் கண்ணில் படும். டொராண்டோ நகரத்தின் டிடிசி பஸ்கள் பெரிய சாலைகளில் இரவிலும் ஓடும். பெரியவர்களுக்குப் பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். குறை என்னவென்றால், ஸ்காபரோவுக்குள் ஓடிய குட்டி ரயில் தடம் புரண்டு 2023 ஜூலையில் நின்றது. அதன் இடத்தில் இப்போது பஸ்தான். கென்னடி ஸ்டேஷனிலிருந்து மக்கோவன், ஷெப்பர்ட் சந்திப்பு வரை சுரங்க ரயிலை நீட்டும் வேலை நடக்கிறது. அதுவரை, கென்னடிக்குப் பக்கத்தில் வீடு எடுப்பதற்கும் ரயிலுக்குத் தொலைவான மால்வர்ன் பக்கம் எடுப்பதற்கும் தினசரிப் பயணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

மார்க்கம், டொராண்டோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் சாலைக்கு அப்பால் ஆரம்பிக்கிறது. ஸ்காபரோவில் சம்பாதித்து நிமிர்ந்த பல குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று. வீடுகள் பெரியவை, விலையும் வாடகையும் கூடுதல். கார் இல்லாவிட்டால் அங்கே சிரமம்தான்.

கிழக்கே பிக்கரிங், ஏஜக்ஸ், விட்பி மூன்றும் டர்ஹம் வட்டாரம். அதே வாடகைக்கு இடம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும், பள்ளிகளும் நன்றாக இருக்கும். கோ என்ற புறநகர் ரயிலில் டவுன்டவுன் போக முடியும் என்பதால், வேலை அங்கே யூனியன் ஸ்டேஷன் பக்கம் என்றால் ஏஜக்ஸ் நல்ல முடிவு. ஆனால் வேலை மிசிசாகாவில் என்றால், காலை நேரத்தில் 401 நெடுஞ்சாலையில் டொராண்டோவை முழுக்கக் கடந்து போக வேண்டும். அதை ஜனவரி மாதப் பனியில் கற்பனை செய்து பார்த்துவிட்டு லீஸில் கையெழுத்துப் போடுங்கள்.

பிரம்ப்டனும் மிசிசாகாவும் மேற்கே, விமான நிலையத்தின் பக்கம். கிடங்கு, லாரி, தொழிற்சாலை வேலைகள் அங்கே அதிகம். ஐடி, மருந்து கம்பெனிகளும் மிசிசாகாவில் இருக்கின்றன. பிரம்ப்டனில் கார் இன்சூரன்ஸ் ஒன்டாரியோவிலேயே மிக அதிகம் என்று பெயர். வீட்டின் போஸ்டல் கோடையும் வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். வாடகை குறைவாக இருக்கிறதென்று சந்தோஷப்படும் முன், அந்தக் கோடைக் கொடுத்து ஒரு இன்சூரன்ஸ் விலையும் கேட்டுவிடுங்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து டிடிசிக்கும் கோ ரயிலுக்கும் பக்கத்து நகர பஸ்களுக்கும் இடையே மாறினால் இரண்டாவது கட்டணம் கிடையாது. நகர எல்லைக்கு அப்பால் வீடு எடுத்தால் பயணச் செலவு இரட்டிப்பாகும் என்ற பழைய கணக்கு இப்போது பொருந்தாது. காசைப் போலவே நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் நிறைய இருக்கும் இடத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, ஒரு வட்டத்துக்குள் அடைந்துவிடுவோம் என்கிறார்களே?

பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றிக் கவலையே வேண்டாம். வகுப்பில் சீன, பிலிப்பினோ, கரீபியன், ஆப்கன் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். பொதுவாகப் பேசிக்கொள்வது ஆங்கிலம்தான். கொஞ்ச நாளில் தமிழ் போய்விடுமோ என்றுதான் நீங்கள் கவலைப்பட வேண்டியிருக்கும்.

முதல் வருடம் நம்மவர்கள் நடுவில் இருப்பதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். எந்தக் கடையில் குளிர்கால ஜாக்கெட் நியாய விலைக்குக் கிடைக்கும், எந்தத் தெருவில் பேஸ்மென்ட் (வீட்டின் நிலத்தடித் தளம்) காலியாகிறது, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் கோயிலிலும் மளிகைக் கடை வரிசையிலும்தான் தெரிய வரும். இந்தக் கடைகளும் கோயில்களும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் தானாக முளைக்கவில்லை. போரிலிருந்து தப்பி, கையில் எதுவும் இல்லாமல் வந்து, இரவு ஷிப்டில் வேலை பார்த்த ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பியவை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற நாம் அதன் பலனை முதல் நாளிலிருந்தே அனுபவிக்கிறோம். அந்த நன்றி நம் பேச்சிலும் பழக்கத்திலும் இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தெரிந்தவர் மூலம் உடனே கிடைக்கும் வேலை வாடகைக்கு உதவும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் துறை வேலைக்கான தேடலை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஊரிலிருந்தே வீடு பிடித்து அட்வான்ஸ் அனுப்பலாமா?

வேண்டாம். யாரும் நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். வேறொருவருடைய வீட்டின் படங்களைப் போட்டு, "சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்று சொல்லிப் பணம் பறிப்பது இங்கே சகஜமாக நடக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்குத் தற்காலிகமாகத் தங்க இடம் பிடித்து வாருங்கள். நம்பிக்கையான உறவினர் நேரில் போய்ப் பார்த்துச் சொன்னால் அது வேறு.

எவ்வளவு அட்வான்ஸ் கேட்பார்கள்? வேலையும் கிரெடிட் ஸ்கோரும் இல்லாமல் வீடு கிடைக்குமா?

சென்னை போலப் பத்து மாத அட்வான்ஸ் இங்கே கிடையாது. ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை, அப்புறம் சாவிக்கு அதன் விலையளவு டெபாசிட். சேதத்துக்கென்று தனி டெபாசிட் வாங்க முடியாது. ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கொடுத்தால்தான் வீடு என்று வற்புறுத்தவும் சட்டத்தில் இடமில்லை. நடைமுறையில் புதியவர்களிடம் இதைத்தான் கேட்கிறார்கள் என்பதும் உண்மை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வதாக இருந்தால் ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள். ரசீதும், மாகாணத்தின் நிலையான லீஸ் படிவமும் இல்லாமல் பணம் கை மாறக்கூடாது.

கிரெடிட் ஸ்கோர் குறைவாக இருப்பது வேறு, ஸ்கோரே இல்லாமல் இருப்பது வேறு. இரண்டாவதை ஒருவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. இதை வீட்டுக்காரரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். பி.ஆர். தாள், வங்கியில் உள்ள பணத்துக்கான கடிதம், ஊரில் பார்த்த வேலையின் சான்று, தெரிந்தவர் ஒருவரின் உத்தரவாதம் இவற்றை ஒரு ஃபைலில் போட்டுக் கையில் வைத்திருங்கள். பெரிய கட்டடங்களை நடத்தும் கம்பெனிகளை விட, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் தனி ஆட்கள் இதைப் பார்த்துச் சம்மதிப்பது அதிகம்.

அந்த வீட்டில் முதன்முதலில் ஆள் குடியேறியது எப்போது என்றும் கேளுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புது காண்டோக்களுக்கும் (அடுக்குமாடி வீடுகள்) சில புது பேஸ்மென்ட்களுக்கும் வாடகை உச்சவரம்பு பொருந்தாது. மற்ற வீடுகளுக்கு மாகாணம் ஆண்டுதோறும் ஒரு சதவீதத்தை அறிவிக்கும்: 2025-இல் 2.5, 2026-இல் 2.1. புதுக் கட்டடம் என்று ஆசைப்பட்டுப் போய், அடுத்த வருடம் நானூறு டாலர் ஏற்றினால் வாதாட வழியே இல்லை.

பேஸ்மென்ட் வீடு எடுக்கலாமா?

எடுக்கலாம். இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேரின் கதை ஏதோ ஒரு பேஸ்மென்ட்டில்தான் தொடங்கியிருக்கும். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும்.

பகலில் போய் பாருங்கள். முதலில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னல் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று அப்போதுதான் தெரியும். படுக்கையறை ஜன்னல் வழியாகத் தீ விபத்தில் ஒரு ஆள் வெளியே ஏற முடியுமா? வெளியே போக இன்னொரு வழி இருக்கிறதா? புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியிருக்கிறதா? இவை இல்லையென்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பிள்ளைகள் தூங்கப்போகும் அறை அது. நகரத்தில் பதிவு செய்த முறையான யூனிட்டா என்றும் நேராகவே கேளுங்கள்.

அப்புறம் மூக்கை நம்புங்கள். புது பெயின்ட் வாடையோடு ஈர வாடையும் சேர்ந்து வந்தால், தண்ணீர் கசிந்ததைப் பூசி மறைத்திருக்கலாம். அலமாரிக்குப் பின்னால், சுவர் தரையைத் தொடும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பூசணத்தின் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கார்பெட் இருந்தால் காலுறையோடு நடந்து பாருங்கள், ஈரம் தெரியும். ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள். உயரமானவர் என்றால் ஹீட்டர் குழாய் போகும் இடத்தில் தலை இடிக்கிறதா என்று நின்று பாருங்கள்.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அது மேல்தளத்தில் வீட்டுக்காரர் கையில் இருந்தால், அவர்கள் வேலைக்குப் போகும்போது சூட்டைக் குறைத்துவிடுவார்கள். கீழே கைக்குழந்தையோடு இருப்பவர் பகல் முழுக்கக் குளிரில் நடுங்க வேண்டும். இதைக் கையெழுத்துக்கு முன் பேசிவிடுங்கள். பக்கவாட்டுப் பாதையில் பனியை யார் அள்ளுவது, வாஷிங் மெஷின் எந்த நாட்களில் நமக்கு, ஹைட்ரோ எனப்படும் மின்சாரக் கட்டணத்தில் நம் பங்கு எவ்வளவு, தாளிப்பு வாடைக்கு ஆட்சேபம் உண்டா என்பதையும் அப்போதே பேசுங்கள். தமிழ் வீட்டுக்காரர்தானே என்று வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். எல்லாம் லீஸில் எழுதியிருந்தால் உறவும் கெடாது.

வீட்டுக்காரரின் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும்படி அறை எடுத்தால் வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது? ரேங்க் பட்டியலைப் பார்க்கலாமா?

இங்கே பள்ளிக்கு அட்மிஷன் வாங்க அலைய வேண்டாம், டொனேஷனும் இல்லை. வீட்டு முகவரி எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ அதில் சேர்த்துக்கொள்வார்கள். டிசம்பர் 31-க்குள் நான்கு வயது நிறையும் குழந்தை அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன் போகலாம், முழு நாள். முகவரிச் சான்று, பாஸ்போர்ட், பி.ஆர். தாள், தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து மறக்காமல் எடுத்து வாருங்கள். விட்டுப்போன ஊசிகள் இருந்தால் இங்கே போட்டுக்கொள்ளலாம்.

ஃப்ரேசர் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும் ரேங்க் பட்டியலைத்தான் எல்லாரும் அனுப்பிக்கொள்கிறார்கள். அது மாகாணத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடுவது. பெற்றோர் வசதியாக இருந்து, டியூஷனும் வைத்தால் அந்த மதிப்பெண் ஏறும். புதிதாக வந்த பிள்ளைக்கு அந்தப் பள்ளி எவ்வளவு துணையாக இருக்கும் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இஎஸ்எல் ஆசிரியர் இருக்கிறாரா, குடியேறியவர்களுக்கு உதவும் செட்டில்மென்ட் ஊழியர் பள்ளிக்கு வருகிறாரா என்று போன் செய்து கேளுங்கள். மதியம் மூன்றரை மணி வாக்கில் பள்ளி வாசலில் பத்து நிமிடம் நின்று, பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் வருடத்துக்கு இது போதும். பட்டியலில் மேலே இருக்கும் பள்ளிக்காக மாதம் ஐந்நூறு டாலர் கூடுதல் வாடகை கொடுத்து, அதற்காக அம்மா, அப்பா இருவரும் இரவு வேலைக்குப் போனால் பிள்ளைக்கு என்ன லாபம்?

கார் உடனே வாங்க வேண்டுமா?

டொராண்டோவுக்குள் பஸ் வழித்தடத்தில் வீடு என்றால் முதல் சில மாதங்கள் வேண்டாம். புதியவர்களுக்கு இன்சூரன்ஸ்தான் காரின் பெரிய செலவு. ஊர் லைசென்ஸை வைத்து 60 நாள் ஓட்டலாம். அதற்குப் பிறகு ஒன்டாரியோ உரிமம் வேண்டும். எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். உரிமம் கொடுத்த ஆர்டிஓ அலுவலகத்திலிருந்து அனுபவச் சான்று வாங்கி வந்தால் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். இங்கே வந்த பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

நான் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் இருக்கும் மனைவிக்கும் பெற்றோருக்கும் எந்த இடம் நல்லது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கோ இதுதான் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும் என்று படுகிறது. வேலைக்குப் போகிறவருக்கு ஆபீஸ், சக ஊழியர், பஸ்ஸில் நான்கு முகம் என்று நாள் ஓடிவிடும். கார் இல்லாமல், ஓட்டவும் தெரியாமல், புறநகரில் பெரிய வீட்டில் தனியே இருப்பவருக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை எதிர் வீட்டுக் கராஜ் கதவுதான் துணை. ஊரில் வேலை பார்த்த பெண்கள் இதில் நொறுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நூலகம் இருக்கிறதா? டொராண்டோ பொது நூலக அட்டை இலவசம். ஸ்காபரோவின் சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மால் இருக்கிறதா? பனிக்காலத்தில் பெரியவர்கள் காலை நடைக்கு மாலுக்குள் போவது இங்கே வழக்கம். நிரந்தரவாசிகளுக்கு இலவசமாக நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, அங்கேயே முதல் சிநேகிதமும் கிடைத்துவிடும். கோயிலுக்கு ஒரே பஸ்ஸில் போக முடிந்தால் பெற்றோருக்குப் பாதி ஊர் வந்துவிடும்.

மனைவியும் வேலைக்குப் போக விரும்பினால் குழந்தைகள் காப்பகத்துக்கு இப்போதே பெயர் பதியுங்கள். அரசுத் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடிப்படைக் கட்டணம் 2025-லிருந்து நாளுக்கு அதிகபட்சம் 22 டாலர். காத்திருப்போர் வரிசை நீளமானது என்பதால் ஒரே மையத்தை நம்பி இருக்க வேண்டாம்.

டாக்டர்?

ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீட்டின் அட்டைக்கு முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். வந்தவுடன் விண்ணப்பியுங்கள். குடும்ப டாக்டர் கிடைப்பதுதான் தாமதமாகும்; அதுவரை முன்பதிவு இல்லாமல் போகும் வாக்-இன் கிளினிக். தமிழ் பேசும் டாக்டர் வேண்டுமென்றால் ஸ்காபரோவில் தேடுவது சுலபம்.

வாடகைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வீடே வாங்கிவிடலாமே?

முதல் வருடம் வேண்டாம் என்பதுதான் என் பதில். வேலை எங்கே என்று தெரியாமல் வாங்கிய வீட்டை இரண்டு வருடத்தில் விற்க வேண்டி வந்தால் ஏஜென்ட் கமிஷனும் வாங்கும்போது கட்டிய நில மாற்று வரியும் சேமிப்பைக் கரைத்துவிடும்.

பிறகு வாங்கும்போது எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். வீடு வாங்கினால் ஒன்டாரியோவுக்கு நில மாற்று வரி கட்ட வேண்டும். டொராண்டோ நகருக்குள் என்றால் நகரத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். எட்டு லட்சம் டாலர் வீட்டுக்கு மாகாண வரி 12,475 டாலர். ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ஸ்காபரோ பக்கத்தில் அதே விலை வீடு என்றால் இன்னொரு 12,475. முதல் வீடு வாங்குகிறவருக்கு மாகாணம் 4,000, நகரம் 4,475 வரை தள்ளுபடி தருகின்றன. ஆனால் உலகில் எங்கும் வீடு வைத்திருந்திருக்கக்கூடாது என்பது விதி. சென்னையில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தாலும் தள்ளுபடி போய்விடும். இந்தக் கணக்கை வக்கீலிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் கழித்து வேறு இடம் போக நினைத்தால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது?

பள்ளி ஆண்டு ஜூன் கடைசியில் முடிகிறது. ஜூலையில் மாறினால் செப்டம்பரில் புதுப் பள்ளியில் எல்லாரோடும் சேர்ந்து தொடங்கலாம். ஒரு வருட லீஸ் முடிந்தால் தானாகவே மாதாமாதம் தொடரும். மறுபடி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்த முடியாது. காலி செய்ய 60 நாள் நோட்டீஸ் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜூன் 30-இல் கிளம்புவதாக இருந்தால் ஏப்ரல் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள், தேதி போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் பிள்ளை போகப்போகும் வருடம்தான் மாறுவதற்கு வசதியானது. உயர்நிலைப் பள்ளியில் அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளுமே புதியவர்கள். பதினொன்று, பன்னிரண்டில் இருக்கும்போது மட்டும், வேலை எவ்வளவு தூரமானாலும், முடிந்தவரை அதே வீட்டில் தாக்குப்பிடியுங்கள்.